ஐந்து வருஷம் என்று எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாம்பனில் படகு கட்டுகிறவன். எங்கள் கரையில் ஓடாவி என்பார்கள். இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடக்கும். பழுது பார்க்க இந்த 61 நாளை விட்டால் வேறு நாள் இல்லை என்பதால் வாய்ச்சி என்ற மரம் செதுக்கும் கருவியைக் கீழே வைக்க நேரமில்லை. அப்படியிருந்தும் மூன்று ராத்திரியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன வாரம் உங்கள் கல்வி வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த ஒரு பதில்தான் காரணம்.

பரமக்குடியிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருந்தார். இளையராஜா 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியதைக் கைப்பேசியில் பார்த்ததிலிருந்து அவருடைய ஒன்பது வயதுப் பையன் "அந்தப் பெரிய வயலின்தான் வேணும்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். அந்தப் பெரிய வயலினுக்குப் பெயர் செல்லோ. அதை வாசித்துப் பிழைக்கும் அளவுக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. உங்கள் நிபுணர் "முறையாகப் பயின்றால் ஐந்து ஆண்டுகள் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

என் மூத்த மகள் செல்லோ வாசிக்கிறவள். சென்னையில் அதை வைத்துத்தான் வீட்டு வாடகை கட்டுகிறாள். அவள் முதன்முதலில் வில்லைப் பிடித்தது 2009-இல், பதினோரு வயதில். வாடகையைத் தன் வாசிப்புக் காசில் கட்ட ஆரம்பித்தது 2023-இல். இடைப்பட்ட வருஷங்களை உங்கள் நிபுணரே எண்ணிக்கொள்ளட்டும். (கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். ஓடாவி, பாம்பன் என்றால் போதும். அவள் இன்னும் நாலு பேரிடம் வேலை வாங்க வேண்டியவள்.)

பாம்பனில் செல்லோவா என்று கேட்பீர்கள். எங்கள் கோயில் பாடகர் குழுவை நடத்திய மாஸ்டர் எண்பதுகளில் கோடம்பாக்கத்தில் வயலின் வாசித்தவர். கீபோர்டு வந்து தந்தி வாத்தியக்காரர்களுக்கு வேலை குறைந்ததும் ஊருக்கே திரும்பிவிட்டார். வரும்போது ஒரு முக்கால் அளவுச் செல்லோவையும் கொண்டுவந்தார். யாருடையது, எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டால் சிரிப்பார். செல்லோவில் கால், அரை, முக்கால், முழு என்று அளவு உண்டு, பிள்ளைகளுக்குச் செருப்பு மாற்றுகிற மாதிரி மாற்ற வேண்டும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். பாடகர் குழுவில் என் மகள் உயரமானவள். "கை நீளமா இருக்கு, உட்காரு" என்றார். அவ்வளவுதான்.

நான் மரவேலைக்காரன். அதனால் முதலில் பாட்டைக் கவனிக்கவில்லை, மரத்தைத்தான் பார்த்தேன். முன்பலகை ஸ்ப்ரூஸ். பின்பலகை மேப்பிள். விரல் வைத்து ஓட்டும் பட்டை கருங்காலி. பக்கவாட்டில் வளைத்திருக்கும் மெல்லிய பலகையைத் தொட்டுப் பார்த்தபோது, இவ்வளவு மெல்லிசாக இழைத்து இப்படி வளைத்தவன் எங்கள் ஆள்தான் என்று தோன்றிவிட்டது. படகுக்கு வங்கு, அதாவது விலா எலும்பு மாதிரி உள்ளே நிற்கும் சட்டம், வளைப்பதற்கு நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். உடம்பை ஆணியே இல்லாமல் பசையால் மட்டும் சேர்த்திருக்கிறார்கள்.

அந்த ஐப்பசியில் மழையும் கடல் காற்றும் சேர்ந்து அடித்ததில் பின்பலகையின் ஓரம் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்துவிட்டது. பிள்ளை அழுகிறாள். நான் ஃபெவிகால் டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். அதை ஒட்டியிருப்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசையாம். மரத்தைவிட அது பலம் குறைந்ததாக இருக்க வேண்டுமாம். மரம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும்போது ஒட்டு விட்டுக்கொடுக்கும், பலகை தப்பிக்கும். ஃபெவிகால் விட்டுக்கொடுக்காது, அதனால் பலகையே வெடிக்கும். தண்ணீர் ஒரு சொட்டும் நுழையக் கூடாது என்று பஞ்சுத்திரி வைத்துக் கலப்பத்து அடித்தே பழகிய எனக்கு இது புத்தியில் ஏற ஒரு வாரம் ஆனது.

அடுத்தது வயிற்றுக்குள் நிற்கும் ஒரு குச்சி. முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில், பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது, இறுக்கத்திலேயே நிற்கும் விரல் பருமன் குச்சி. பிரெஞ்சுக்காரர்கள் அதை ஆத்மா என்றே சொல்கிறார்களாம். ஒருமுறை தந்தி எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கழற்றியபோது அது உள்ளே சாய்ந்து உருண்டது. திரும்ப நிறுத்த அதற்கென்று வளைந்த கருவி வேண்டும், எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கையும் வேண்டும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் குரல் மாறும். அந்தக் கை இருந்தது சென்னையில். போய் வர மூன்று வாரம் ஆனது. முதல் நாலு வருஷத்தில் இப்படி வாத்தியம் படுத்துக் கிடந்த நாட்களைக் கூட்டினால் ஆறு மாதத்துக்கு மேல் வரும். உங்கள் நிபுணரின் ஐந்து வருஷத்தில் இந்த ஆறு மாதம் உண்டா? வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் முடி. ஈரக் காற்றில் அது நீண்டு தொங்கிவிடும். எங்கள் ஊர்க் காற்றில் எந்த மாதம் ஈரம் இல்லை?

நான் என் பங்குக்குச் செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டு. செல்லோவின் அடியில் ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதை ஊன்றித்தான் முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டு சிமெண்டுத் தரையில் அது வழுக்கிக்கொண்டே போனது. வள்ளத்துக்கு அறுத்து மிஞ்சிய வாகைத் துண்டு ஒன்றை எடுத்து, வரிசையாக ஐந்து குழி போட்டு, ஒரு முனையில் வார் கட்டி நாற்காலிக் காலில் மாட்டிக் கொடுத்தேன். வளர வளர அடுத்த குழிக்கு மாறினாள். அந்தப் பலகை இன்னும் இருக்கிறது.

முதல் வருஷம் பாட்டே கிடையாது. வில்லை நேராக இழுப்பது மட்டும். கண்ணாடி முன் உட்கார வைத்து, வில் தந்திக்குக் குறுக்கே சதுரமாகப் போகிறதா என்று பார்க்கச் சொன்னார் மாஸ்டர். நேராகப் போவது போல் தெரியும், நுனிக்கு வரும்போது கோணிக்கொள்ளும். எனக்கு அது புரிந்தது. நான் பதின்மூன்று வயதில் மாமாவிடம் கையாளாகப் போனபோது முதல் வருஷம் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. நாலாவது வருஷம்தான் வாய்ச்சி கைக்கு வந்தது. ஏரா வைக்க, அதாவது படகின் முதுகெலும்பு மரத்தை நானே கண்பார்த்துக் கிடத்த, பன்னிரண்டு வருஷம் ஆனது. அதுவும் மாமாவுக்குக் கண் மங்கியதால்.

சரி, மாஸ்டருக்கு வயலின்தான் சொந்தத் தொழில், செல்லோ கொஞ்சம் தெரியும். 2012-இல் அவரே, "இதுக்கு மேல என்னால ஆகாது, மதுரைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர். பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை, விடியற்காலை கிளம்பி ராத்திரி திரும்புவோம். பஸ்ஸில் அந்தப் பெட்டியைப் பார்த்து "என்ன அண்ணாச்சி, சுறாவா?" என்று கேட்காத ஆள் இல்லை. கடலோரம் என்பதால் வழியில் சோதனை நடக்கும். ஒரு தடவை காவலர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பாப்பா, ஒரு பாட்டு வாசி" என்றார். ரோட்டோரம் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். வாசித்தாள். பஸ் போய்விட்டது.

மதுரையில் சேர்த்த வகுப்பின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சுவரில், "மூன்றே ஆண்டுகளில் மேடை" என்று எழுதியிருந்தார்கள். நான் நம்பினேன். பணமும் கட்டினேன். அங்கே சொல்லிக் கொடுத்தவர் வயலின்காரர். அது தப்பில்லை, ஆனால் வயலின் கையையே செல்லோவில் வைக்கச் சொன்னார். வயலினில் தந்தி அதிரும் நீளம் 33 சென்டிமீட்டருக்குள். முழுச் செல்லோவில் ஏறக்குறைய 69. வயலினில் விரல்கள் சாய்ந்து விழும், அது சரி. செல்லோவில் விரல்கள் ஏறக்குறைய நேராக இறங்க வேண்டும், ஒரு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் அரைச் சுர இடைவெளி. சாய்த்து வைத்தால் எட்டாது. எட்டாததை எட்ட வைக்க கட்டைவிரலால் கழுத்தை இறுக்கிப் பிடித்து இழுத்தாள். கிதார் மாதிரி குறுக்குக் கட்டைகளும் கிடையாது. எங்கே விரல் வைக்க வேண்டும் என்று ஒரு கோடும் இல்லை, காதுதான் அளவுகோல். மூன்று வருஷம் அப்படி வாசித்து வேகமாகவே வாசித்தாள். கேட்டவர்கள் கைதட்டினார்கள். ராத்திரியில் மணிக்கட்டில் தைலம் தேய்த்தது அவள் அம்மா.

2015-இல் பிளஸ் டூ முடித்துச் சென்னைக்குப் போனாள். சொந்தக்காரர்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டுப் பி.காம். சேர்த்தேன், சாயங்காலம் செல்லோ வகுப்பு. புது ஆசிரியர் சினிமா ஒலிப்பதிவுகளில் முப்பது வருஷம் வாசித்தவர். அவள் இரண்டு நிமிஷம் வாசித்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாராம். "இடது கையை மடியில வை" என்றாராம். எட்டு மாதம் அந்தக் கை மடியிலேயே இருந்தது. வெறும் திறந்த தந்தி. நாலே நாலு சுரம். கட்டை வலிப்பது போல வில்லை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு விரல், இரண்டாவது விரல். ஆறு வருஷம் கழித்து மறுபடி அரிச்சுவடி. தினமும் போன் போட்டு, "யப்பா, நான் ஊருக்கே வந்துடுறேன்" என்பாள். நான் என்ன சொல்ல? கோணலாக வைத்த ஏராமேல் ஏற்றிய பலகையை எல்லாம் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதைப் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிடுவேன்.

இந்த இடத்தைத்தான் உங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்கள் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு முன்னால் யாரிடம் என்ற கேள்வி இருக்கிறது. தப்பான கையில் ஓடிய மூன்று வருஷம் கணக்கில் சும்மா விடுபடுவதோடு நிற்கவில்லை, எட்டு மாதத்தைக் கூடவே விழுங்கிக்கொண்டு போனது. ஒன்பது வயதுப் பையனுக்குச் செல்லோ வாங்கும் முன் செல்லோவையே வாழ்நாள் முழுக்க வாசித்த ஓர் ஆளைத் தேடச் சொல்லுங்கள். அப்படி ஒருவர் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் மாதம் ஒரு தடவை அவரைப் பார்ப்பது, பக்கத்துத் தெருவில் வாரம் இரண்டு தடவை வேறொருவரைப் பார்ப்பதைவிட லாபம்.

2018-இல் டிரினிட்டி எட்டாம் கிரேடு தேறினாள். லண்டன் சான்றிதழ், தேர்வு சென்னையிலேயே நடக்கிறது. அதுதான் கடைசி கிரேடு என்பதால் வீட்டில் பாயசம் வைத்தோம். மறுநாள் அவளுடைய ஆசிரியர், பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் எழுதிய முதல் செல்லோத் தொகுப்பின் முதல் வரியை மட்டும் ஒரு மாதம் வாசிக்கச் சொன்னாராம். தேர்வில் அவள் ஏற்கெனவே வாசித்து மார்க் வாங்கியது அது!

அந்தத் தொகுப்புகளைப் பற்றி அவள் சொன்ன ஒரு கதை என்னைப் பிடித்துக்கொண்டது. ஸ்பெயினில் பாப்லோ கசால்ஸ் என்று ஒருவர், 1876-இல் பிறந்தவர். செல்லோவைத் தொட்டது பதினோரு வயதில், என் மகளைப் போலவே. பதின்மூன்று வயதில் அவருடைய அப்பா அவருக்கு முதல் முழு அளவுச் செல்லோவை வாங்கிக் கொடுத்த நாளன்று, பார்சிலோனாத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடையில் அப்பாவும் பிள்ளையுமாக நோட்டுத் தாள்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது இந்த ஆறு தொகுப்புகளும் கிடைத்தன. தினமும் வாசித்தார். மேடையில் அதை வாசிக்கத் தைரியம் வர அவருக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. உலகமே மேதை என்று சொன்னவருக்கு! ஜாக்குலின் டு பிரே என்று ஒரு பெண், நாலு வயதில் வானொலியில் செல்லோவைக் கேட்டு அடம்பிடித்தவர். லண்டனில் முதல் பெரிய மேடை 1961-இல், பதினாறு வயதில். அதுவும் பத்து வருஷத்துக்கு மேல். பாவம், 28 வயதில் நரம்பு நோய் வந்து வாசிப்பே நின்றுவிட்டது. சேதுபதி அரண்மனையில் பூச்சி ஐயங்கார் பாடிய ஊர் நம்முடைய ராமநாதபுரம், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கற்றது அவரிடம்தான். இந்த மண்ணில் சங்கீதத்துக்கு ஐந்து வருஷம் என்று கெடு வைத்துப் பேசியவர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

பத்தாயிரம் மணி நேரம் வாசித்தால் தேர்ந்துவிடலாம் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதன் மூலம் 1993-இல் எரிக்ஸன் என்ற உளவியல் அறிஞரும் கூட இருந்தவர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை விசாரித்து எழுதிய ஆய்வு. அங்கே மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் போட்டிருந்த சாதகத்தின், அதாவது வாசிப்புப் பயிற்சியின், சராசரிதான் ஏறக்குறைய பத்தாயிரம் மணி. அந்த வயதில் அவர்கள் இன்னும் மாணவர்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. நான் கூலிக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் என் மகளின் கணக்கையும் போட்டு வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு முந்நூறு நாள் என்று வைத்துக்கொண்டால், முதல் மூன்று வருஷம் தினம் ஒரு மணி, 900. மதுரை மூன்று வருஷம் இரண்டு மணி, 1,800. கல்லூரி மூன்று வருஷம் மூன்று மணி, 2,700. அதன்பின் மூன்று வருஷம் ஐந்து மணி, 4,500. ஆக 2021 நடுவில் 9,900. பத்தாயிரமாவது மணி அடிக்கும்போது என்ன நடக்கும் என்று நான் கொஞ்சம் ஆவலாகத்தான் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் அன்றைக்கும் ஸ்கேல்தான், அதாவது சுர வரிசைதான், வாசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மணிகளில் நிறைய எங்கள் கொட்டகையில் ஓடியவை. 2020 மார்ச்சில் ஊரடங்குக்கு வந்தவள் ஒரு வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்துவிட்டாள். நான் ஒரு பக்கம் இழைப்பேன், அவள் ஒரு பக்கம் இழைப்பாள். வில்லுக்குத் தடவும் ரோசின் பைன் மரத்துப் பிசின். நாங்கள் படகுக்கு உருக்கும் குங்கிலியமும் மரப்பிசின்தான். கொட்டகையில் எது எதன் வாடை என்று பிரிக்க முடியாது. ஒருநாள் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் செல்லோ உறுமியது. குரல் நடுங்கி, உடைந்து, திரும்பி வந்தது. விரல் தப்பு என்று நினைத்தேன். "இல்லப்பா, இதுக்குப் பேரே ஓநாய்ச் சுரம்" என்றாள். அந்தச் சுரத்துக்குப் பெட்டியே தானாக அதிர்ந்து தந்தியோடு சண்டை போடுகிறதாம். நல்ல செல்லோக்களிலேயே இருக்குமாம். தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டுக்குக் கீழே தந்தியில் ஒரு சின்னப் பித்தளைக் குழாயை மாட்டி, திருகி, மேலும் கீழும் நகர்த்தி ஓர் இடத்தில் நிறுத்தினாள். உறுமல் அடங்கியது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவள் காதைச் சாய்த்த விதத்தைப் பார்த்தபோதுதான், இவளுக்குத் தொழில் வந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது. எட்டாம் கிரேடுக்கு அது தோன்றவில்லை.

முதல் ஒலிப்பதிவு அழைப்பு 2021 டிசம்பரில். நாலு செல்லோக்களில் நாலாவது. ஒத்திகை கிடையாது. காதில் தாளத் தட்டு, முன்னால் நோட்டுத் தாள், பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். இரண்டாவது டேக்கில் ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று, முன்னால் நுழைந்துவிட்டாள். நாற்பது பேர் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார்கள். யாரும் திட்டவில்லை. நடத்தியவர் ஒரு பார்வை பார்த்தாராம், அவ்வளவுதான். அடுத்த அழைப்பு ஏழு மாதம் கழித்து வந்தது. முதல் அழைப்பு யாருடைய சிபாரிசிலாவது வந்துவிடும். இரண்டாவது அப்படி வராது. என்னைக் கேட்டால் தொழில்முறை என்பதை அந்த 2022 ஜூலையிலிருந்து எண்ணுவேன். என் தொழிலிலும் மாமா செத்த பிறகு தொண்டிக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்து, "நீதான் ஏரா வைக்கணும்" என்ற நாளிலிருந்துதான் ஊரில் என்னை ஓடாவி என்றார்கள்.

தொழில் கைக்கு வந்த பிறகும் நிலைமை இதுதான்: சினிமாவுக்கு இப்போது தந்தி வாத்தியங்களைப் பலர் புடாபெஸ்ட்டுக்கும் மாசிடோனியாவுக்கும் போய்ப் பதிவு செய்கிறார்கள். பாக்கியைக் கணினி வாசிக்கிறது. (மரப்படகு கட்டச் சொல்லி வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள், எல்லாம் ஃபைபர். அப்பாவும் மகளும் நல்ல தொழிலாகத்தான் பார்த்துப் பிடித்திருக்கிறோம்.) மும்பையில் 2006-இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா ஒன்று இருக்கிறது, அதிலும் நிறைய இடங்களில் வெளிநாட்டுக்காரர்கள். என் மகளின் வாடகை பாதி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில் வருகிறது, கால்வாசி கல்யாண வரவேற்பில், மிச்சம்தான் ஒலிப்பதிவில். கடைசியாக வாங்கிய நாலு தந்தி இருபதாயிரத்தைத் தாண்டியது. நான் ஒரு வருஷத்தில் வாங்கும் உளிகளின் விலையைவிட அதிகம்.

பரமக்குடித் தகப்பனாருக்கு என் கணக்கைச் சொல்லிவிடுங்கள். நல்ல ஆசிரியர் முதலிலேயே கிடைத்து, தினமும் சாதகம் நின்றுபோகாமல் ஓடினால் பன்னிரண்டு வருஷம். எங்களைப் போலத் தடுமாறினால் பதினான்கு. அவர் பையனுக்கு ஒன்பது வயது, ஆகவே இருபத்தொன்றிலோ இருபத்துமூன்றிலோ முதல் காசு வரலாம். அதுவரைக்கும் படிப்பையும் விடாமல் பார்த்துக்கொள்ளட்டும், அந்த பி.காம். வீண் இல்லை, இன்றைக்கு அவளுடைய ஜி.எஸ்.டி.யை அவளே போடுகிறாள். ராமநாதபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் செல்லோ கிடையாது, வாய்ப்பாட்டும் வயலினும் உண்டு. அதை மூன்று வருஷச் சான்றிதழ் என்று நினைக்காமல் காதுக்குப் போடும் உரம் என்று நினைத்து, அங்கே சேரும் வயது வந்ததும் பாட்டில் சேர்க்கலாம். செல்லோவை உடனே வாங்க வேண்டாம். அப்படியே வாங்கினாலும் அளவு பார்த்து, வாடகைக்குக் கிடைத்தால் வாடகைக்கு. இதெல்லாம் கேட்ட பிறகும் பையன் அதே ஒற்றைக் காலில் நின்றால் என்னிடம் அனுப்பட்டும். முக்கால் செல்லோ மாஸ்டர் வீட்டில் சும்மாதான் இருக்கிறது, ஓரம் ஒருமுறைகூட மறுபடி வாய் பிளக்கவில்லை. ஐந்து குழி போட்ட வாகைப் பலகையும் இருக்கிறது.

மகள் அடுத்த வாரம் வருகிறாள். பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாமல் இருந்த இரண்டு வருஷத்துக்கு மேல் செல்லோவைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி வந்தவள், இந்தத் தடவை புதுப் பாலத்தின் மேல் ரயிலிலேயே வருகிறாள். ஒரே டிக்கெட், ஒரே படுக்கை. அதை நீட்டிப் படுக்க வைத்துவிட்டு இவள் கால்மாட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவாள். நான் மூன்று படகைத் தடை முடிவதற்குள் தண்ணீரில் இறக்கியாக வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஓடாவி
பாம்பன்